இன்னைக்கு இன்னா எழுதுனாங்க டீச்சர்?

மதியம் பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுகிற கேள்வி இது. சாப்பிட்டானா, தூங்குனானா என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். "இன்னைக்கு மல்லாட்டை உரிச்சோம்மா" என்று சொன்னால் (எங்கள் பக்கம் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பேர்), "அது எங்கூட்லயே மூட்டை மூட்டையா கீதே டீச்சர்" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் பாதி குறை.

குறை எனக்குப் புரியாமல் இல்லை. காலையில் எங்கள் தெருமுனையில் ஒரு பள்ளிக்கூட வேன் வந்து ஹாரன் அடிக்கும். மூன்றரை வயசுப் பிள்ளை ஷூ போட்டு, டை கட்டி, முதுகை மறைக்கிற பையோடு ஏறும். வேலூர் வெயிலுக்கு டை எதற்கு என்று யாரையாவது நிறுத்திக் கேட்கவேண்டும். ஆனால் சாயங்காலம் அந்தப் பையைத் திறந்தால் நோட்டு இருக்கும், நோட்டில் ஒரு பக்கம் பூரா 'ஏ' இருக்கும். பணம் கட்டின அப்பாவுக்குக் கண்ணில் பார்க்க ஒன்று கிடைத்துவிடுகிறது. எங்களிடம் வருகிற பிள்ளை அப்படி எதையும் நீட்டிக் காட்டாது. நகக்கண்ணில் கொஞ்சம் களிமண் இருக்கும், அவ்வளவுதான்.

அதனால் போன வாரம் என்னென்ன செய்தோம் என்று இங்கே எழுதி வைக்கிறேன். இனி கேட்கிறவர்களுக்கு லிங்க் அனுப்பிவிடலாம். பிள்ளைகள் பெயரும் இல்லை, படமும் இல்லை. அடுத்தவர் வீட்டுப் பிள்ளையை இன்டர்நெட்டில் போடுவது எனக்குப் பிடிக்காது.

நான் அணைக்கட்டு தாலுக்காவில், ஒடுகத்தூர் போகிற வழியில் ஒரு கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளர். போர்டில்தான் அங்கன்வாடி, ஊர் வாயில் இன்னும் பால்வாடி. 1975-ல் காந்தி ஜெயந்தி அன்றைக்கு ஆரம்பித்த திட்டம். தமிழ்நாட்டில் மட்டும் 54,439 மையம் என்று சொல்வார்கள். எங்களுடையது ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, சிமெண்டுத் திண்ணை, எதிரில் ஒரு புங்கமரம். நான் ஒருத்தி, ஆயா ஒருத்தர். எங்கள் பக்கம் பாட்டியையும் ஆயா என்றுதான் கூப்பிடுவோம் என்பதால் பிள்ளைகள் எங்கள் ஆயாவை 'பால்வாடி ஆயா' என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

முதலில் எழுதுவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை எலும்பாகவே இருக்காது, குருத்தாக இருக்கும். ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டு எட்டும் எலும்பாகப் பத்து வயசு பக்கம் ஆகிவிடும். மூணு வயசுக் கையில் பென்சிலைத் திணித்தால் அது விரலால் எழுதாது, தோளால் எழுதும். முஷ்டியாகப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, பேப்பர் கிழிகிற மாதிரி. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு பொருளைக் கிள்ளவும் அழுத்தவும் திருகவும் பழகின பிறகு, அதே கை பென்சிலைத் தானாகச் சரியாகப் பிடிக்கும். அதற்கு மல்லாட்டையைவிட நல்ல சாமான் எனக்குத் தெரிந்து எந்தப் பெட்டியிலும் வருவதில்லை.

திங்கட்கிழமை அதுதான். ஐப்பசியில் மல்லாட்டை பிடுங்கி, காய் ஆய்ந்து, வெயில் அடித்த நேரம் பார்த்துக் காயவைத்திருப்பார்கள். ஒரு வீட்டிலிருந்து முறம் நிறைய வந்தது. காய்ந்த காயைக் காதோரம் குலுக்கினால் சத்தம் வரும். குலுக்கிவிட்டு, உள்ளே எத்தனை பருப்பு என்று முதலில் சொல்லவேண்டும், அப்புறம்தான் உடைக்கவேண்டும். ஒத்தைப் பருப்பு ஒரு தட்டு, ரெட்டை ஒரு தட்டு, மூணு இருந்தால் நடுவில் இருக்கிற சொம்புத் தட்டு. விளையாட்டு அவ்வளவுதான், ஆனால் எழுந்துபோக ஆளில்லை. குலுக்குகிறார்கள், கண்ணை மூடிக்கொள்கிறார்கள், தோலின் இடுப்பைத் தடவிப் பார்க்கிறார்கள். "ரெண்டு மேடு கீது, அப்ப ரெண்டு" என்று ஒரு வாண்டு கண்டுபிடித்துச் சொன்னதும், மற்றவர்கள் குலுக்குவதை விட்டுவிட்டு மேட்டைத் தடவ ஆரம்பித்துவிட்டார்கள்.

நாலு வயசுக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு முழுப் பருப்பு கொடுப்பதில்லை. தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அவர்கள் வேலை தோலைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போடுவது. புளியங்கொட்டை, மணி, பட்டாணி எல்லாவற்றுக்கும் இதே விதிதான். மூக்குக்குள் போகிற அளவு சாமான் இருந்தால் அது மூக்குக்குள் போகாமல் இருக்காது. மல்லாட்டை வெளியே இருக்கிறவரை யாரும் ஓடக்கூடாது, நானும் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டேன், போன் அடித்தாலும் சரி.

எங்களிடம் ஒரு பையன் இருக்கிறான். மாமாவின் போனில் யூடியூப் பார்த்துப் பார்த்து இங்கிலீஷில் ஒன்று முதல் ஐம்பதுவரை மூச்சுவிடாமல் சொல்வான். வீட்டுக்கு யார் வந்தாலும் அவனைச் சொல்லச் சொல்வார்களாம். "அஞ்சு பருப்பு குடு" என்றேன். ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தான். "எண்ணிக் குடு" என்றேன். வாய் ஒன், டூ, த்ரீ என்று ஓடுகிறது, கை அதன் இஷ்டத்துக்கு வேறு வேகத்தில் பொறுக்குகிறது. நைன் என்று சொல்லும்போது உள்ளங்கையில் ஆறு பருப்பு இருந்தது. ஐம்பது வரைக்கும் அவன் சொல்வது பாட்டு, அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஒரு பருப்புக்கு ஒரு சொல், கடைசியில் சொன்ன சொல்தான் மொத்தம் என்பது வேறு சங்கதி. அது கை வழியாகத்தான் தலைக்குப் போகும். முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாகப் பருப்பை வைக்கச் சொன்னேன். குழிக்கு ஒன்று வைக்கும்போது வாயும் கையும் ஒன்றுக்கொன்று காத்திருந்தன. அஞ்சு வரைக்கும் சரியாக வந்தது. அன்றைக்கு அது போதும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் செய்து பார்க்கலாம், வீட்டிலேயே. ஆறு பருப்பை ஒட்டி ஒட்டி வரிசையாக வையுங்கள், கீழே இன்னொரு வரிசையில் அதே ஆறு. ரெண்டும் ஒன்றுதானே என்று பிள்ளை ஒத்துக்கொள்ளும். இப்போது அது பார்க்கும்போதே கீழ் வரிசையை மட்டும் தள்ளித் தள்ளி அகலமாக வையுங்கள். எதில் நிறைய என்று கேட்டால் நாலு வயசுப் பிள்ளை அகலமான வரிசையைக் காட்டும். பியாஜே என்று ஒரு சுவிட்சர்லாந்துக்காரர் இதையெல்லாம் பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். அதற்காகப் பிள்ளைக்கு விஷயம் தெரியவில்லை என்று நினைத்துக் குட்டாதீர்கள். அந்த வயசுக்குக் கண் சொல்வதுதான் கணக்கு.

செவ்வாய்க்கிழமை களிமண். மழை பெய்து ஏரிக்கரை மண் பதமாக இருந்தது. ஆயா ரெண்டு பாண்டு கொண்டுவந்து கல், வேரெல்லாம் பொறுக்கிப் பிசைந்து வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு உருண்டை கொடுத்து, வீட்டு விலங்கு ஏதாவது செய்யுங்கள் என்றேன். மாதத்துக்கு ஒரு தலைப்பு வைத்து நடத்துகிறோம், இந்த மாதத் தலைப்பு அது. கோழி, நாய், பூனை என்று வரும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச்சந்தை. எங்களிடம் ஒருவனின் தாத்தா அங்கே தரகர். விடியற்காலையில் தாத்தா கிளம்புவதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். முதல் உருண்டையிலேயே மாடு.

கால் நாலு, கொம்பு ரெண்டு, எல்லாம் ஒட்டினான். கால் நிற்கவில்லை, வயிறு தரையில் உட்கார்ந்துவிட்டது. அவன் கவலைப்படவில்லை. "படுத்துகினு கீது" என்றான். பிறகு ஒரு விளக்குமாற்றுக் குச்சியை எடுத்து வாயைப் பிளந்து, கீழே ரெண்டு புள்ளி வைத்தான். "ரெண்டு பல்லு" என்றான். பக்கத்தில் இருந்த பெண் மேலேயும் பல் வைக்கப் போனாள். கையைத் தட்டிவிட்டான்.

"மேல பல்லு கெடையாது. மாட்டுக்கு மேல முன்பல்லே கெடையாது."

"கீது."

"கெடையாது. தாத்தா காமிச்சாரு."

சண்டை பெரிதாகிவிட்டது. மையத்துக்கு ரெண்டு வீடு தள்ளி ஒரு தொழுவம் இருக்கிறது. ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் விட்டுக்கொண்டு எல்லாரும் போனோம். வீட்டுக்கார அம்மா சலித்துக்கொண்டே பசுவின் மேல் உதட்டைத் தூக்கிக் காட்டினார். முன்பக்கம் வெறும் ஈறு. கீழே எட்டுப் பல். அந்தப் பெண் விரலை நீட்டி ஒவ்வொரு பல்லாக எண்ணினாள், மாடு மூச்சுவிட்டால் கையை இழுத்துக்கொள்வாள், மறுபடி முதலிலிருந்து. ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், எட்டு பல் என்று பார்த்துத்தான் சந்தையில் வயசு சொல்வார்கள் என்பதை அந்த அம்மாவே சொன்னார். இரண்டிரண்டாக எண்ணுவதற்கு ஒரு பாடம் நடத்தலாம் என்று நான் வைத்திருந்தேன். தேவைப்படவில்லை.

திரும்பி வந்ததும் சந்தை தொடங்கிவிட்டது. நான் தொடங்கவில்லை, அவர்களே. புங்க இலை பணம். தரகர் பேரன் முகம் துடைக்கிற துண்டை எடுத்து வந்து தன் கை மேல் போட்டுக்கொண்டு, எதிரில் இருக்கிறவன் கையை உள்ளே இழுத்தான். மாட்டுச்சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள், துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். சுற்றி நிற்கிறவனுக்குத் தெரியாது. இவன் அதை அப்படியே செய்தான், தலையை வேறு பக்கம் திருப்பி எங்கேயோ பார்க்கிற மாதிரி நிற்பதுவரைக்கும். ஒரு விரலுக்கு ஒரு இலை என்று வைத்துக்கொண்டார்கள். துண்டுக்குள் எத்தனை விரலைப் பிடித்தான் என்று பார்க்காமல் கண்டுபிடித்து அத்தனை இலையை எண்ணி வைக்கவேண்டும். மூணு விரலைப் பிடித்தால் மூணு. நாலுதான் எல்லாருக்கும் கஷ்டம், நாலா அஞ்சா என்று துண்டுக்குள் ஒரே குழப்பம்.

எங்களிடம் தெலுங்கு பேசுகிற வீட்டுப் பெண் ஒன்று இருக்கிறது. சித்தூர் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பம். ஜூனில் சேர்ந்ததிலிருந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும், கூப்பிட்டால் தலையாட்டும், வாய் திறக்காது. தமிழ் புரிகிறதா, எண்ணத் தெரிகிறதா என்று எனக்கே நிச்சயமில்லை. அவள் முறை வந்தது. அவளுடைய மாடு நல்ல மாடு, நின்றது. தரகன் துண்டைப் போட்டான். ரெண்டு விரலைப் பிடித்திருப்பான் போல. அவள் கையை வெடுக்கென்று வெளியே இழுத்துக்கொண்டாள். மறுபடி துண்டு. மறுபடி இழுத்தாள். மூன்றாவது தடவை அவளே அவன் கையைப் பிடித்து ஏதோ செய்தாள். அவன் முகம் மாறியது. "அஞ்சு கேக்கறா டீச்சர்!" என்று என்னிடம் முறையிட்டான். துண்டுக்குள் நடந்ததை வெளியே சொல்லக்கூடாது என்று மற்றவர்கள் கத்தினார்கள். அவன் தரவில்லை, அவளும் விடவில்லை. கடைசியில் நாலு இலைக்கு முடிந்தது. வாங்கி ஒவ்வொன்றாக எண்ணி, ஒன்று கிழிந்திருக்கிறது என்று திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினாள்.

மாதாந்திரப் பதிவில் 'எண் அறிவு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அன்றைக்கு அவள் பெயருக்கு நேராக டிக் போட்டேன்.

புதன்கிழமை எடை, உயரம் பார்க்கிற நாள். மழை வேறு. எடை பார்த்து, பதிவேட்டில் எழுதி, பிறகு போனில் ஏற்றி முடிப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது. பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள், மாட்டை வைத்து விளையாடினார்கள். மாலையில் தரகர் தாத்தா வந்தார். பேரன் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். கோபமாக வருகிறாரோ என்று பார்த்தேன். "இன்னாம்மா, எங்க தொழிலையே சொல்லிக்குடுக்கறியா?" என்று திண்ணையில் உட்கார்ந்து, என் கையைப் பிடிக்க முடியாது என்பதால் ஆயாவிடம் துண்டைக் கொடுத்து, பிடியெல்லாம் காட்டினார். நிஜச் சந்தையில் ஒரு விரல் எவ்வளவு பணம் என்று கேட்டேன். அதை மட்டும் சொல்லவில்லை. "அத்த சொல்லக்கூடாதும்மா" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வியாழக்கிழமைக்கு முந்தின நாளே பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து மஞ்சள் தண்ணீரில் நனைத்து ஆயா சமையல்கட்டுக் கொடியில் காயப்போட்டிருந்தார். இலவம்பாடியில் நிலம் வைத்திருக்கிற ஒரு அப்பா முள்ளுக் கத்திரிக்காய் கொண்டுவந்து கொடுத்தார். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின காய். காம்பைச் சுற்றி நிஜமாகவே முள் இருக்கும். முள்ளுக்குக் கீழே எங்கே பிடிக்கலாம் என்று ரெண்டு விரலால் தேடிப் பிடிப்பதே ஒரு பாடம். 'குத்துது, குத்தல, வழவழ' என்று காயைச் சுற்றித் தடவிச் சொல்ல வைத்தேன். வெண்டைக்காய், வாழைத்தண்டு, வெங்காயம் எல்லாவற்றையும் நான் குறுக்கே நறுக்கி வைத்தேன்.

சாயம் எதுவும் இல்லை. ஒரு தட்டில் குளிக்கிற சோப்பைக் கரைத்த தண்ணீர், அவ்வளவுதான். வெண்டைக்காயை அதில் தொட்டு மஞ்சள் துணியில் அழுத்தினால் சிவப்பாகப் பூ விழும். மஞ்சள் கறைபட்ட சட்டையைச் சோப்புப் போட்டால் சிவக்கும் என்று துணி துவைக்கிற எல்லாருக்கும் தெரியும், அதே வேலைதான். ஆரத்திக்குச் சுண்ணாம்பு சேர்ப்பதும் இதேதான். ஆனால் சுண்ணாம்பைப் பிள்ளைகள் பக்கம் கொண்டுவராதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. சோப்புத் தண்ணீரே போதும்.

முதல் பூ விழுந்ததும் ஒரு குட்டி "ரத்தம்!" என்று அழுதுவிட்டது. தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, எலுமிச்சைச் சாறு ரெண்டு சொட்டை அதே பூவின் மேல் விட்டேன். சிவப்பு போய் மஞ்சளாகிவிட்டது. அழுகை நின்றது. பிறகு அது எலுமிச்சம்பழத்தை யாருக்கும் தரவில்லை. மற்றவர்கள் பூ போடப் போட, இது பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தது. அங்கே சின்னக் கலவரமே நடந்தது. கடைசியில் அழிக்க ஒரு துணி, பூப்போட ஒரு துணி என்று பிரித்துக் கொடுத்தேன்.

அச்சுக்குக் கத்திரிக்காய் லாயக்கில்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய திட்டாக விழுகிறது. வெண்டைக்காய்தான் ராஜா, வாழைத்தண்டு பரவாயில்லை. ஆனால் நறுக்கின கத்திரிக்காய் கொஞ்ச நேரத்தில் பழுப்பாவதை மூணு பேர் தாங்களாகவே கவனித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். நறுக்காத கத்திரிக்காய் சாம்பாருக்குப் போனது.

வெள்ளிக்கிழமை ஒடுகத்தூர் ஆட்டுச்சந்தை, அன்றைக்கு எப்போதும் வருகை குறைவு. இருந்தவர்களுக்குப் பழைய சட்டைகளைக் கொடுத்துப் பொத்தான் போட்டு அவிழ்க்க விட்டேன். 1939-ல் மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய முறையில் பொத்தான் போடப் பழகுவதற்கென்றே மரச்சட்டம் உண்டு. விலை அதிகம். தலையணைக்கு மாட்டிவிட்ட சட்டை இலவசம், கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டுவிட்டால் தலையணைக்கு ஒரு பேர் வைத்துத் தூங்கவும் வைக்கலாம். முட்டை போடுகிற நாட்களில் அவரவர் முட்டையை அவரவரே உரிப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். ஆயாவுக்கு இது பிடிக்காது, கூட்டுகிற வேலை அதிகம்.

வேனில் போகிற ஒரு பையனின் அம்மா அன்றைக்குத் தங்கச்சிப் பாப்பாவுக்கு இணை உணவு மாவு வாங்க வந்திருந்தார். அண்ணனுக்கு வீட்டுப்பாடம் எழுதவைக்கத் தினம் அடிதடியாம். பேசிக்கொண்டே எங்கள் மஞ்சள் துணியைப் பார்த்துவிட்டு எப்படிச் செய்தோம் என்று கேட்டார். சொன்னேன். வீட்டில் செய்கிறேன் என்றார். செய்தாரா தெரியாது. அந்தப் பள்ளிக்கூடத்தைக் குறைசொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு அரைமணி நேரம் நோட்டை மூடி வைத்துவிட்டு, ஒரு முறம் மல்லாட்டையைப் பிள்ளை முன்னால் வைத்தால் போதும் என்றுதான் அவரிடமும் சொன்னேன்.

அடுத்த வாரம் தண்ணீர். மிதக்கிறது, முழுகுகிறது, ஊற்றுவது, அளப்பது. வீட்டில் பழைய புனல், டீ வடிகட்டி, ஆழாக்கு, உழக்கு ஏதாவது சும்மா கிடந்தால் திங்கட்கிழமை பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள், வெள்ளிக்கிழமை கழுவித் திருப்பி அனுப்பிவிடுகிறேன். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், எங்களிடமே ஒரு மூட்டை இருக்கிறது. மாற்றுத் துணி ஒரு செட் கண்டிப்பாக வேண்டும். நனையாமல் பார்த்துக்கொள்கிறேன் என்றெல்லாம் வாக்குக் கொடுக்க மாட்டேன்.